பழகுவது ஸ்பீக்கரா, நம்ம காதா?

தீபாவளி நெருங்கினால் இங்கே நாக்பூர் தமிழ்க் குடும்பங்களுக்குள் இரண்டு கேள்விகள் தவறாமல் சுற்றிவரும். ஒன்று, ஊருக்குப் போக டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா. இரண்டு, கையில் புரளும் காசில் இந்த வருஷம் வீட்டுக்கு என்ன வாங்கலாம். சில வருடங்களாக இரண்டாவது கேள்விக்கு ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், சவுண்ட் பார் என்று பதில் வருகிறது. ஊரை விட்டு வந்தவனுக்குப் பாட்டுதானே பாதி ஊர்? நியாயமான ஆசைதான்.

வாங்கிய ஒரு வாரத்தில் அடுத்த கேள்வி வந்துவிடும். "சார், புது ஸ்பீக்கரை 100 மணி நேரம் ஓட விடணுமாமே? அப்பதான் சவுண்டு திறக்குமாமே? நிஜமா?" இதற்கு ஆடியோ பிரியர்கள் வைத்திருக்கும் பெயர் பர்ன்-இன். சிலர் 50 மணி நேரம் என்பார்கள், சிலர் 200, இன்னும் சிலர் 500 வரை போவார்கள். ராத்திரி முழுக்க இரைச்சல் ஒலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களும் உண்டு. (பக்கத்து ஃப்ளாட்காரர் தூங்கினாரா என்பது தனிக்கதை.)

நான் சவுண்ட் என்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது சொச்சம் வருஷமாக பேங்கில் ஆணி பிடுங்குகிறவன். ஆனால் பாட்டு கேட்பதில் பைத்தியம் உண்டு, கணக்குப் பார்ப்பது பிழைப்பு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஸ்பீக்கர் ஒரு துளி பழகுகிறது, நம் காது நிறையப் பழகுகிறது, இதற்கு நடுவில் கடைக்காரர் கொடுத்த ஏழு நாள் கெடு சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது. முதல் இரண்டும் ரசனை சமாச்சாரம், மூன்றாவது பண சமாச்சாரம். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பர்ன்-இன் என்று சொல்கிறவர்களை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். பழகப் பழகச் சரியாகும் பொருட்களோடுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். புது இரும்புத் தோசைக்கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்து, நாலைந்து நாள் பழக்கினால்தான் தோசை ஒட்டாமல் எழும்பும். அந்தக் கால ஸ்கூட்டர் வாங்கினால் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு வேகமாக ஓட்டாதே என்பார்கள், பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு ஒத்து உட்கார வேண்டும் என்பதற்காக. நாகஸ்வரத்துச் சீவாளியைக் கேளுங்கள், பதப்படாத புதுச் சீவாளியோடு வித்வான் கச்சேரிக்குப் போக மாட்டார். புதுத் தோல் போட்ட மிருதங்கம் வாசிக்க வாசிக்கத் தளரும், மறுபடி மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். இத்தனையும் கண்ணால் பார்த்த ஜனங்களிடம் "ஸ்பீக்கரும் பழகும்" என்று சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்?

கேள்வி என்னவென்றால், ஸ்பீக்கருக்குள் பழகுவதற்கு என்ன இருக்கிறது, எவ்வளவு பழகும்?

ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றி ரப்பரோ ஃபோமோ போட்ட ஒரு வளையம் இருக்கும். பின்பக்கம், கம்பிச்சுருளை நடுவில் பிடித்துக்கொள்ள, மடிப்பு மடிப்பாகப் பிசின் ஏற்றிய ஒரு துணி இருக்கும். இந்த இரண்டும்தான் ஸ்பீக்கரின் வில். புதிதாக இருக்கும்போது அந்தத் துணி கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கூம்பு முன்னும் பின்னும் ஆட ஆட விறைப்பு தளரும். இது கட்டுக்கதை இல்லை, அளந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையும், 1970-களில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வுகளும் சேர்ந்துதான் இன்றைக்கும் ஸ்பீக்கர் பெட்டி வடிவமைக்கிறவர்களின் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடி ஓடி வில் 20 சதவீதம் தளர்ந்துவிட்டது. அதிர்வெண் 55 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். "பார்த்தீரா, இறங்கிவிட்டதே, பேஸ் கூடிவிட்டதே" என்று குதிக்க வேண்டாம். ஸ்பீக்கர் வெறுமனே தொங்குவதில்லை, பெட்டிக்குள் இருக்கிறது. மூடிய சிறிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு வில்தான், பல சமயம் அந்தத் துணியை விடப் பல மடங்கு விறைப்பான வில். காற்று மூன்று மடங்கு விறைப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால், பெட்டியோடு சேர்ந்த அதிர்வெண் முன்பு 120 ஹெர்ட்ஸ், துணி தளர்ந்த பிறகு 117.5 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 2 சதவீதம் சொச்சம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியே சுமார் 6 சதவீதம். காற்று பழகாது, தளராது. பெட்டியில் முக்கால்வாசி வேலையை அதுதான் பார்க்கிறது.

இந்தத் தளர்ச்சியும் பெரும்பாலும் முதல் சில நிமிஷத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் நடந்து முடிகிற விஷயம். நீங்கள் நாலு படப் பாட்டு கேட்பதற்குள் முக்கால் கிணறு தாண்டியாயிற்று. தவிர, அந்த ரப்பரும் துணியும் வெப்பத்துக்கும் இளகும், குளிருக்கும் விறைக்கும். நாக்பூரில் டிசம்பர் காலையில் 10 டிகிரி, மே மாதம் 45 டிகிரி. அப்படிப் பார்த்தால் நம் ஸ்பீக்கர் ஒவ்வொரு கோடையிலும் பர்ன்-இன் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் அதற்கு மணிக்கணக்கு வைப்பதில்லை :-)

ஸ்பீக்கருக்காவது ஆடுகிற பாகம் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்கு? வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் சூடேறச் சில நிமிஷம் வேண்டும், ஆனால் அது ஒவ்வொரு முறை போடும்போதும் நடப்பது. நூறு மணி நேரம் ஓட்டியதால் ஒரேயடியாக வாங்கிக்கொள்ளும் பட்டம் இல்லை. சில வகைக் கெப்பாசிட்டர்கள் வருஷக்கணக்கில் மின்சாரமே பார்க்காமல் கிடந்தால் திரும்பப் பதமாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். அது பரணில் கிடந்த பழைய ரேடியோவுக்குப் பொருந்தும், போன மாதம் ஃபேக்டரியை விட்டு வந்த பெட்டிக்கு இல்லை. ஒயருக்கோ எதுவுமே கிடையாது. செம்புக் கம்பி செம்புக் கம்பிதான். "இந்தக் கேபிள் 200 மணி நேரத்துக்குப் பிறகு பேசும் பாருங்க" என்று யாராவது சொன்னால், அவர் கேபிளை விற்கிறாரா, இல்லை ஏற்கனவே வாங்கிவிட்டாரா என்று மட்டும் பாருங்கள்.

"அப்படியானால் எனக்கு நன்றாகக் கேட்கிறதே, அது பொய்யா?" என்பீர்கள். பொய் இல்லை. நன்றாகத்தான் கேட்கிறது. காரணம்தான் வேறு.

முதல் காரணம் நாம். அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் ஸாயொன்ஸ் 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே போதும், வேறு எந்தக் காரணமும் இல்லாமல் அது நமக்குப் பிடிக்க ஆரம்பிக்கும் என்பது அதன் சாரம். நமக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையா என்ன? வேலை மாற்றலில் கல்கத்தா போன முதல் வாரம் கடுகெண்ணெய் வாசனைக்கு மூக்கைப் பொத்தியவர்கள்தான், மூன்றாம் மாதம் அதில் வறுத்த கத்தரிக்காய்க்கு இன்னொரு கரண்டி கேட்கிறார்கள். கடுகெண்ணெய் பர்ன்-இன் ஆகிவிட்டதா? நாம்தான் ஆனோம். பழைய டேப் ரெக்கார்டரின் கொழகொழ பேஸுக்குப் பழகின காதுக்குப் புது ஸ்பீக்கரின் தெளிவு முதலில் கீச்சென்று இருக்கும். பிறகு அதுவே இயல்பாகிவிடும்.

அடுத்தது ஞாபகம். சத்தத்தின் நுணுக்கமான குணத்தை நம் மூளை சில வினாடிகளுக்கு மேல் அப்படியே பிடித்து வைப்பதில்லை. பாட்டு ஞாபகம் இருக்கும், ராகம் ஞாபகம் இருக்கும், ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வயலின் இந்தப் பெட்டியில் எப்படி ஒலித்தது என்பது இருக்காது. இருப்பதாக நினைத்துக்கொள்வோம். லெட்ஜரைப் பார்க்காமல் போன மாதத்து பேலன்ஸைச் சொல்கிற கஸ்டமர் மாதிரி.

மூன்றாவது, நம்மை மாதிரி ஊர் ஊராகப் போகிறவர்களுக்கே உரிய காரணம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாற்றலாகி வந்து புதுக் குவார்ட்டர்ஸில் குடியேறும்போது வீடு காலியாக இருக்கும். மொசைக் தரை, வெறும் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல். கைதட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி எதிரொலிக்கும். அந்த வீட்டில் ஸ்பீக்கரை வைத்தால் பாட்டு கூச்சலாகத்தான் கேட்கும். அடுத்த இரண்டு மாதத்தில் அட்டைப்பெட்டிகள் பிரிபடும், கட்டில் மெத்தை வரும், தங்கமணி திரைச்சீலை தைத்து மாட்டுவார், தரையில் ஜமக்காளம் விழும், அலமாரியில் புத்தகம் நிறையும். எதிரொலி அடங்கும். பாட்டு துலக்கமாகும். நிஜமாகவே மாறியிருக்கிறது, அளந்து காட்டலாம்! ஆனால் பாராட்டு யாருக்குப் போகிறது? தைத்துப் போட்டவருக்கு இல்லை, 100 மணி நேரம் ஓடின ஸ்பீக்கருக்கு :-)

இன்னும் சின்னச் சின்னதாக உண்டு. பெட்டியைச் சுவரை ஒட்டி நகர்த்தினால் பேஸ் கூடும். காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனின் ரப்பர் முனை சரியாகப் பொருந்தாவிட்டால் பேஸ் காணாமல் போகும். ஒரு வாரத்தில் அதை ஒழுங்காக மாட்டக் கற்றுக்கொள்வோம். ஹெட்ஃபோனின் பஞ்சு நம் தலைக்கு ஏற்ப அமுங்கும், அது நிஜ மாற்றம்தான். வால்யூமை ஒரு இழை கூட்டி வைத்துவிட்டு "இன்னைக்குத் தெளிவா இருக்கே" என்போம். சத்தம் கொஞ்சம் கூடினால் தரம் கூடியதாகவே காதுக்குப் படும். இதெல்லாம் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் பர்ன்-இன் என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தின விஷயம் ஒன்று உண்டு. பர்ன்-இன் ஆன எந்தப் பெட்டியும் மோசமானதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாம் நல்லதாகவே மாறுகின்றன. இயந்திரம் ஓட ஓடத் தேய்ந்தால் சிலது நல்லதாகும், சிலது கெட்டதாகும், அதுதானே உலக வழக்கம்? நூற்றுக்கு நூறு லாபக் கணக்கு மட்டும் காட்டுகிற கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் எந்த பேங்க் ஆபீசருக்கும் மூக்கு வியர்க்கும். இன்னொன்று: ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் வசனம் முழுக்க நடுப்பெட்டியில்தான் ஓடும். பின்னால் இருக்கிற இரண்டும் மழை பெய்தால், கார் பறந்தால்தான் வாய் திறக்கும். ஒரு வருஷத்தில் நடுப்பெட்டி ஆயிரம் மணி நேரம் பழகியிருக்கும், பின்பெட்டி பழகாமல் இருக்கும். "பின்னால் உள்ளது இன்னும் திறக்கவில்லை" என்று யாராவது புலம்பிக் கேட்டிருக்கிறீர்களா?

நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஜோடி ஸ்பீக்கர் வாங்கினால் அதுவே சோதனைச் சாலை. இடது பெட்டியை மட்டும் மூன்று, நான்கு நாள் ஓட விடுங்கள், வலது பெட்டி சும்மா இருக்கட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டு, ஒரே பாட்டை மோனோவில், ஒரே சத்தத்தில் போடுங்கள். வீட்டுப் பிள்ளை ஒருவரை விட்டு, நாணயம் சுண்டி, விழுந்தபடி இதில் அதில் என்று மாற்றச் சொல்லுங்கள். எது பழகினது என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். வெறும் குருட்டாம்போக்கில் பத்துக்கு எட்டோ அதற்கு மேலோ சரியாக வர 1024-ல் 56 வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வர 11 வாய்ப்புதான். அதனால் ஒன்பது வந்தால் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். எங்கள் வீட்டில் நானும் தங்கமணியும் மாடி வீட்டு மராட்டி நண்பரும் உட்கார்ந்து பார்த்தோம். நண்பர் நல்ல ஹார்மோனியம் வாசிப்பவர். ஒருவரும் ஒன்பதைத் தொடவில்லை. ஒரு வீட்டுச் சோதனை உலகத்துக்கே தீர்ப்பு ஆகாதுதான். உங்கள் வீட்டில் வேறு மாதிரி வந்தால் வரட்டும், ஆனால் துணி தொங்கவிட்டு வரட்டும்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் ரசனைச் சண்டை. நம்புகிறவர் நம்பட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம் எங்கள் பிராஞ்சுக்கு வந்த ஒரு தூத்துக்குடிப் பையன்.

புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தவன், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மா ஊரில் தனியாக இருப்பவர். கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் மகனோடு தங்க வருகிறார். டிவி பார்க்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது, பாட்டாவது நன்றாகக் கேட்கட்டும் என்று ஜோடி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயருமாக 42,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டான். சம்பளம் வாங்க ஆரம்பித்த முதல் வருஷத்தில் அது பெரிய தொகை. வந்த அன்றைக்கே வலது பெட்டி மந்தமாக இருந்திருக்கிறது. கடைக்குப் போன் போட்டால், "பாய்சாப், சௌ கண்டே பஜாயியே, ஃபிர் தேக்கியே" என்று பதில். நூறு மணி நேரம் வாசியுங்கள், அப்புறம் பாருங்கள் என்று அர்த்தம். பையனும் நம்பி, ஆபீஸ் விட்டு வந்து தினம் இரண்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறான். என்னிடம் சொன்னது பத்தொன்பதாம் நாள்.

"அண்ணாச்சி, இன்னும் அறுபது மணி நேரம் பாக்கி இருக்கு. அதுக்குள்ள சரியாயிருமா?"

"ஏ தம்பி, பில்லை முதல்ல எடு" என்றேன். மாற்றித் தருவது 7 நாளுக்குள் மட்டும் என்று அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது.

சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போய் இடது, வலது ஒயர்களை மாற்றி மாட்டினோம். இரண்டு நிமிஷ வேலை. மந்தம் இடது பக்கத்துக்கு வந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ ஒயரிலோ இருக்கிறது, வலது பெட்டியிலேயே நின்றால் பெட்டியில் இருக்கிறது. நின்றது. காதை ஒட்டி வைத்துக் கேட்டால் மேலே உள்ள ட்வீட்டர் மூச்சே விடவில்லை. நூறு மணி நேரம் இல்லை, நூறு வருஷம் ஓட்டினாலும் அறுந்த கம்பி ஒட்டிக்கொள்ளாது. கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்குக் கைகாட்டினார். வாரண்டியில் இலவசமாகத்தான் சரிசெய்து கொடுத்தார்கள், ஆனால் ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் அம்மா வந்து, இருந்து, ஊருக்குத் திரும்பியும் போய்விட்டார். அந்த ஒரு மாதமும் அவர் கேட்டது பையனுடைய செல்போனில்தான்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், பர்ன்-இன் என்ற சொல்லே ஃபேக்டரியிலிருந்து வந்தது. எலக்ட்ரானிக் பாகங்களைச் சூட்டில் வைத்துப் பல மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏன்? நல்லதை இன்னும் நல்லதாக்க இல்லை. பழுதாகப் போகிற சரக்கு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பழுதாகும், அதைப் பிடித்துக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்தை அனுப்பலாம் என்பதற்காக. கெட்டதைக் கண்டுபிடிக்க உண்டான சொல், கடைக்கு வந்ததும் கெட்டதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற சொல்லாகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஏழு நாளுக்கு மொத்தமே 168 மணி நேரம். ஆபீஸ், பள்ளிக்கூடம், சமையல், தூக்கம் போக ஒரு குடும்பம் பாட்டு கேட்பது தினம் இரண்டு மணி நேரம் என்றால், கெடு முடியும்போது 14 மணி நேரம் ஆகியிருக்கும். நூறு மணி நேரத்துக்கு 50 நாள், இருநூறுக்கு 100 நாள். தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் லாபம் விற்றவருக்கு. கடன் தவணையில் நாம் "கொஞ்சம் பொறுங்க" என்றால் எந்த பேங்காவது பொறுக்கிறதா? (நாங்கள் பொறுக்க மாட்டோம், எனக்கே தெரியும்.)

அதனால் என் கட்சி இதுதான்: முதல் வாரம் ஸ்பீக்கருக்குப் பழக்கும் வாரம் இல்லை, அதைப் பரீட்சை வைக்கும் வாரம். நன்றாக ஓட்டுங்கள், தாராளமாக ஓட்டுங்கள், ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க அல்ல, குறை இருந்தால் வெளியே வரட்டும் என்று. முதல் நாளே இடது வலது ஒயரை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மேல் ஸ்பீக்கர், கீழ் ஸ்பீக்கர் இரண்டும் பேசுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டைப் போடுங்கள். கரகரப்பு, ஒரு பக்கம் மந்தம், கும்மென்று ஒரு ரீங்காரம் இதெல்லாம் பழுது. பழகாதது இல்லை. கடைக்காரர் நூறு மணி நேரம் என்றால், "சரி, அதை எழுதிக் கொடுங்க, கெடுவையும் அதுவரைக்கும் நீட்டிக் கொடுங்க" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். ஒரு வாட்ஸப் செய்தியாகவாவது புகாரை அன்றைக்கே பதிந்து வையுங்கள். வாய்ப்பேச்சுக்குத் தேதி கிடையாது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். "ஜிஎஸ்டி இல்லாம போட்டுத் தரேன், ரெண்டாயிரம் குறையும்" என்பதில் குறைவது உங்கள் உரிமையும்தான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். கவனியுங்கள், பழுதான பொருளை. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது பழுது ஆகாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஊர் பாஷை தெரியாது, நமக்கு ஆள் கிடையாது என்று வெளியூர்த் தமிழர்கள் ஒதுங்கிப் போவதுதான் பல கடைகளுக்கு வசதி.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெட்ஃபோனைப் பழக்குகிறேன் பேர்வழி என்று அதை மாட்டிக்கொண்டே சத்தமாக ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அளவுப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். பெரியவர்களுக்கே 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. சத்தத்துக்கும் காது பழகும், அதுதான் ஆபத்து. பழகிவிட்டது என்று நாம் நினைக்கும்போது அது கெட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரின் ரப்பரை மாற்றலாம். உள்காதில் போன செல்லுக்கு உதிரிபாகம் கிடையாது.

கடைசியாக, பர்ன்-இன் நம்பிக்கையோடு சந்தோஷமாகப் பாட்டு கேட்கிறவரிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மூன்று மாதம் கழித்து உங்கள் ஸ்பீக்கர் இன்னும் இனிமையாகக் கேட்டால், அந்த இனிமை நிஜம். அனுபவியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஏழாம் நாள் ஒன்று வருகிறது. அன்றைக்குக் காதில் நன்றாகப் பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், படவில்லை என்றால் பெட்டியை அட்டையோடு திருப்பிக் கொடுங்கள். பழகிக்கொள்வதற்கு நமக்குப் புது ஊர், புது பாஷை, புதுத் தண்ணீர் என்று ஏற்கனவே நிறைய இருக்கிறது. காசு கொடுத்து வாங்கின பெட்டியின் பழுதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பி.கு.: வாங்கின பொருளின் அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் கெடு முடிகிற வரைக்கும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் திரும்ப எடுக்க மாட்டேன் என்று தகராறு செய்வார்கள். தவிர, நமக்கு அடுத்த மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்!